ரெண்டு பெடல் இருந்தா ஆட்டோமேட்டிக் ஆயிடுமா?

வேகன்ஆர், டியாகோ மாதிரி கார்ல கிளட்ச் பெடல் இல்லாம, பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் மட்டும் வெச்சு ஆட்டோமேட்டிக்னு தர்றது அசல்ல மேனுவல் கியர்பாக்ஸ்தாங்க. அதே கிளட்ச் பிளேட், அதே பல்சக்கரங்க, மிதிக்கவும் கியர் மாத்தவும் மட்டும் நம்ம காலு கைக்கு பதிலா ஒரு கம்ப்யூட்டரும் அது சொல்றபடி தள்ளி இழுக்கற ஆக்சுவேட்டர்ங்கற கருவியும். இதுக்கு பேரு ஏஎம்டி, அதாவது ஆட்டோமேட்டட் மேனுவல் டிரான்ஸ்மிஷன். நம்ம நாட்டுல 2014ல மாருதி செலேரியோல முதல்ல வந்துச்சு, மேனுவலுக்கு மேல சுமார் 50 ஆயிரம் போட்டா கிடைச்சிடும்ங்கறதால பட்ஜெட் கார்ல எல்லாம் பரவிடுச்சு.

கிளட்ச் எதுக்குன்னு பிடிபட்டா மத்ததும் பிடிபட்டுடும். பெட்ரோல் எஞ்சின் நிமிஷத்துக்கு 700, 800 சுத்துக்கு ரொம்ப கீழ இறங்கினா திணறி ஆஃப் ஆயிடும், ஆனா சிக்னல்ல நிக்கிற வண்டியில சக்கரம் சுத்தறதே இல்ல, அப்போ சுத்திக்கிட்டு இருக்கறதையும் நிக்கறதையும் ஒண்ணு சேர்க்க நடுவுல ஏதோ ஒண்ணு கொஞ்ச நேரம் வழுக்கி வழுக்கி பிடிக்கணும். அந்த வழுக்கல்லதான் சூடும் தேய்மானமும். மேனுவல்ல நாம ஹாஃப் கிளட்ச் போடறது இதுதான், ஏஎம்டில கம்ப்யூட்டர் போடுது.

ஏஎம்டில தலை லேசா முன்னாடி ஆடுதுன்னு எல்லாரும் சொல்வாங்க. கியர் மாத்தணும்னா முதல்ல எஞ்சின் பவரை குறைக்கணும், கிளட்ச்சை விலக்கணும், கியரை தள்ளணும், திரும்ப சேர்க்கணும். அந்த இடைவெளியில சக்கரத்துக்கு இழுவையே போகாது, நாம ஆக்சிலரேட்டரை அழுத்திக்கிட்டே இருக்கறதால ஆட்டம் நல்லா தெரியுது. மாத்தப்போற நேரம் பார்த்து காலை லேசா தூக்கினா பாதி ஆட்டம் போயிடும், ரெண்டு மூணு வாரத்துல பழகிடும்.

டார்க் கன்வர்ட்டர்னு இன்னொரு வகை ஆட்டோமேட்டிக் இருக்கு, அது வேற கதை. ஆயிலுக்குள்ள எதிரெதிரா ரெண்டு விசிறி, ஒண்ணு எஞ்சின்கூட சுத்தி ஆயிலை வீசும், அந்த ஆயில் பட்டு இன்னொண்ணு சுத்தும். வழுக்கறது ஆயில்ங்கறதால டிராஃபிக்ல ஊர்றப்ப தேயறதுக்கு பிளேட் இல்ல, நடுவுல இருக்கற ஸ்டேட்டர் ஆயிலை திருப்பி விடறதால கிளம்பற நேரத்துல இழுவையும் கூடும். சொகுசுன்னா இதான், ஆனா விலை அதிகம், சின்ன கார்ல அபூர்வம். மூணாவது வகை சிவிடி, இதுல கியரே கிடையாது, ரெண்டு புல்லி, நடுவுல ஸ்டீல் பெல்ட், புல்லி விரிஞ்சு சுருங்கி விகிதத்தை மாத்திக்கிட்டே இருக்கும். டவுனுக்கு பிரமாதம், ஓவர்டேக் பண்ண அழுத்தினா எஞ்சின் கத்தும், வேகம் அப்புறம்தான் வரும்.

ஆட்டோமேட்டிக்னா மைலேஜ் போச்சுங்கறது பழைய பேச்சு. ஏஎம்டில ஆயில்ல வீணாகறது எதுவும் இல்ல, கம்ப்யூட்டரும் சீக்கிரமே மேல் கியருக்கு தாவிடும், அதனால மேனுவல் அளவுக்கே குடுக்கும்.

தினமும் கிண்டி, வேளச்சேரின்னு முதல் கியர்லயே ஊர்றவங்க கண்ணை மூடிக்கிட்டு ரெண்டு பெடல் எடுக்கலாம்னுதான் நான் சொல்வேன், முழங்கால் வாழ்த்தும். அடிக்கடி மலை ஏறறவங்க கொஞ்சம் யோசிங்க. கொல்லிமலையில 70 கொண்டை ஊசி வளைவு, வளைவுக்கு நடுவுல ஏஎம்டி மேல் கியருக்கு தாவிட்டு அப்புறம் முழிச்சுக்கிட்டு திரும்ப இறங்கும், எதிர்ல பஸ் வர்றது அதுக்கு தெரியாதே. அங்க கியரை நாமளே மாத்தற எம் மோடுக்கு (மேனுவல்) மாத்தி ரெண்டாவது கியர்லயே வெச்சுக்கணும், இறங்கறப்பவும் அதேதான், எஞ்சினே வண்டியை பிடிச்சுக்கும்.

இன்னொண்ணு, மேட்டுல நிக்கறப்ப பிரேக் மிதிக்காம ஆக்சிலரேட்டரை லேசா அழுத்தி வண்டியை தாங்கி பிடிக்கற பழக்கம் ஏஎம்டிக்கு ஆகவே ஆகாது. உள்ள கிளட்ச் வழுக்கிக்கிட்டே வேகும், கருகின வாடை வந்தப்புறம்தான் நமக்கு தெரியும். பல ஏஎம்டில நிறுத்தின வண்டியை பூட்டி வெக்கற பி (பார்க்கிங்) பொசிஷனும் கிடையாது, பார்க்கிங்க்கு ஹேண்ட்பிரேக்கை நல்லா இழுத்து விடணும்.

டெஸ்ட் டிரைவ்ல சேல்ஸ் பையன் நேர் ரோட்லதான் கூட்டிட்டு போவாரு. ஏதாவது மால் பார்க்கிங் சரிவுக்கு விடச் சொல்லுங்க, பாதில நிறுத்தி பிரேக்கை விட்டு எவ்வளவு பின்னாடி உருளுதுன்னு பாருங்க, பின்னாடி வண்டி இல்லாதப்ப. மேட்டுல வண்டி பின்னாடி உருளாம பிடிக்கற ஹில் ஹோல்ட் இருக்கு சார்னு சொன்னாலும் அது பிடிக்கறது ரெண்டு செகண்ட் அளவுதான், அதுக்குள்ள உங்க கால் ஆக்சிலரேட்டருக்கு போயாகணும்.