ஸ்துதியர்

கத்தோலிக்கர் மரியாளை நோக்கிச் சொல்லும் பழைய தேவமாதா பிரார்த்தனையில் 'வேதசாட்சிகளுடைய இராக்கினியே' (அரசியே) என்றதும் அடுத்து வருவது 'ஸ்துதியர்களுடைய இராக்கினியே'. வேதசாட்சி யாரென்று சின்னப் பிள்ளையும் சொல்லிவிடும். ஸ்துதியர் யார்?

ஆங்கிலத்தில் கன்ஃபெஸர், லத்தீனில் கொன்ஃபெஸ்ஸோர். விசுவாசத்துக்காக உயிரை விட்டவர் வேதசாட்சி. அதற்காகச் சிறை, சித்திரவதை எல்லாம் பட்டும் உயிர் பிழைத்தவர் ஸ்துதியர். கி.பி. 250 வாக்கில் ரோமப் பேரரசர் தேசியுஸ் எல்லோரையும் தேவர்களுக்குப் பலியிடச் சொன்னபோது, மறுத்துச் சிறைபோனவர்களுக்கு கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான் எழுதிய கடிதங்கள் இன்றும் கிடைக்கின்றன. பிற்காலத்தில் வேதசாட்சியல்லாத எந்தப் புனிதரையும் இப்படி அழைக்கத் தொடங்கிவிட்டார்கள். பாவசங்கீர்த்தனம், அதாவது பாவ அறிக்கை, கேட்கும் குருவுக்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். தமிழில் அவர் ஆன்ம குரு, குழப்பமில்லை.

சரி, துதி எங்கிருந்து வந்தது? மூலச்சொல் 'கொன்ஃபித்தேரி'. ஒப்புக்கொள், அறிக்கையிடு என்று பொருள். ஆனால் லத்தீன் விவிலியத்தில் துதிப்பதற்கும் அதே வினைதான். 'கர்த்தரைத் துதியுங்கள், அவர் நல்லவர்' என்ற 118-ஆம் சங்கீதம் அங்கே 'கொன்ஃபித்தேமினி' என்றே தொடங்குகிறது. தமிழாக்கியவர் இந்தப் பொருளைப் பிடித்துக்கொண்டார் என்பது என் ஊகம். பிலிப்பி சிறையில், கால்கள் தொழுமரத்தில் மாட்டியிருக்க, நடுராத்திரியில் பவுலும் சீலாவும் 'தேவனைத் துதித்துப் பாடினார்கள்' அல்லவா?

நம் காலத்தில் வியட்நாம் ஆயர் வான் துவானை இந்தச் சொல்லுக்கு உரியவராகச் சொல்வேன். 1975 ஆகஸ்ட் 15-இல் கைதானார். விசாரணையே இல்லாமல் 13 ஆண்டுகள் சிறை, அதில் 9 தனிமையில். வயிற்று மருந்து என்று எழுதி, பூசைக்கு வேண்டிய திராட்சை இரசத்தை வெளியிலிருந்து அனுப்பினார்கள். உள்ளங்கையில் மூன்று துளி இரசம், ஒரு துளி தண்ணீர். அதுவே அவருடைய பூசை. அவரிடம் லத்தீன் பாட்டு கற்ற காவலர் ஒருவர், காலையில் படியிறங்கும்போதே தூய ஆவியை அழைக்கும் பாடலைப் பாடிக்கொண்டு போவாராம்.

'அறிக்கையாளர்' என்றும் எழுதலாம், பொருள் தப்பில்லை. ஆனால் ஏதோ இலாகாவுக்கு ரிப்போர்ட் எழுதுபவர் போல ஒலிக்கிறது, பாட்டும் போய்விடுகிறது. வடமொழி ஒலி உறுத்தினால் 'துதியர்' போதும். நாக்கும் வலது கையும் வெட்டப்பட்டு, நாடுகடத்தப்பட்டு 662-இல் இறந்த கிரேக்கத் துறவி மாக்சிமுஸை 'துதியரான மாக்சிமுஸ்' என்று தாராளமாக எழுதலாம்.