பேக்வர்ட் கம்பாட்டிபிலிட்டி: ‘பின்னிணக்கம்’ சரியான சொல்தானா?

கணினியில் ஒரு கட்டளையின் புதிய பதிப்பை நிறுவுகிறோம். நேற்றுவரை அதை நம்பி ஓடிய ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த சிறு நிரல், ஓர் எழுத்தும் மாற்றாமல் இன்றும் ஓடுகிறது. அந்தக் கட்டளையின் இந்தப் பண்புக்குத்தான் பேக்வர்ட் கம்பாட்டிபிலிட்டி என்று பெயர். தமிழில் பின்னிணக்கம், பின்னோக்கிய ஒத்திசைவு, பின்னோக்கு இணக்கம் என்று பலவாறு எழுதுகிறோம். நானும் வெகுநாள் பின்னிணக்கம் என்றே எழுதிவந்தேன். இப்போது அந்தச் சொல் உறுத்துகிறது.

உறுத்துவது ‘பின்’. காலத்தைச் சொல்லும்போது தமிழில் கடந்தது எல்லாம் முன். வரப்போவது எல்லாம் பின். நமக்கு மூத்தவர்கள் முன்னோர். கடந்த காலம் முற்காலம், வரும் காலம் பிற்காலம். ‘பின்னர் சொல்கிறேன்’ என்றால் இனிமேல்தான் சொல்லப்போகிறேன். அப்படியிருக்க, பழைய பதிப்போடு ஒத்துப்போவதைப் பின்னிணக்கம் என்றால், பின்னால் வரும் பதிப்போடு ஒத்துப்போவது என்றுதானே முதலில் தோன்றும்? அதற்கு ஆங்கிலத்தில் ஃபார்வர்ட் கம்பாட்டிபிலிட்டி என்று தனிப்பெயரே இருக்கிறது. ஆக, சொல் நேர் எதிர்ப்பொருளைத் தந்துவிடுகிறது.

‘பின்னோக்கி’ என்று முழுதாக எழுதினால் இந்தச் சிக்கல் இல்லை. பின்னோக்கிப் பார்த்தால் என்று தொடங்கும்போது கடந்த காலத்தைத்தான் சொல்கிறோம். அங்கே நடந்துவந்த ஒருவர் திரும்பிப் பார்க்கும் காட்சி இருக்கிறது. ‘நோக்கி’ என்ற சொல் அந்தக் காட்சியைத் தாங்குகிறது. அதை வெட்டிச் சுருக்கும்போது காட்சி போய்விடுகிறது, வெறும் ‘பின்’ மிஞ்சுகிறது.

சரி, இரண்டாவது பாதிக்கு வருவோம். கம்பாட்டிபிள் என்பது லத்தீனிலிருந்து வந்த சொல். மூலப்பொருள் ‘கூடச் சேர்ந்து துன்பப்படு’. பேஷன், பேஷண்ட் போன்ற சொற்களும் இதே வேரில் முளைத்தவைதான். ஒருவரையொருவர் பொறுத்துக்கொள்ளக்கூடிய என்ற பொருளில் ஆங்கிலத்துக்கு வந்து, பிறகு கருவிகளுக்கும் பொருந்தியது. அமெரிக்காவில் 1950இல் முதலில் அனுமதி பெற்ற வண்ணத் தொலைக்காட்சி முறையின் ஒளிபரப்பை, வீடுகளில் ஏற்கெனவே இருந்த கறுப்பு வெள்ளைப் பெட்டிகளால் காட்ட முடியவில்லை. 1953 டிசம்பரில் அதற்கு மாற்றாக ஏற்கப்பட்ட முறையில் பழைய பெட்டிகளும் அதே ஒளிபரப்பைக் கறுப்பு வெள்ளையில் காட்டின. ‘கம்பாட்டிபிள் கலர்’ என்ற பெயர் அப்போது விளம்பரங்களிலும் அடிபட்டது. கணினியில் இன்று நாம் சொல்லும் பொருள் இங்கே ஏறக்குறைய முழுதாக வந்துவிட்டது.

தமிழில் இதற்கு ஒத்திசைவு, ஒவ்வுமை, இணக்கம் என்று மூன்று போட்டியாளர்கள். ‘ஒத்திசை’ இப்போது கைப்பேசியில் சிங்க் செய்வதற்கு நிலைத்துவிட்டது. ஒவ்வுமையைச் சொன்னால் அலர்ஜியைக் குறிக்கும் ஒவ்வாமை நினைவுக்கு வருகிறது. இணக்கம்தான் சரி என்பேன். பொருத்தம் மட்டுமல்ல, விட்டுக்கொடுத்தலும் அதில் இருக்கிறது. ‘கொஞ்சம் இணங்கிப் போ’ என்று ஒருவரிடம் சொன்னால் அவர்தான் வளைய வேண்டும். பழைய ஸ்கிரிப்ட் எழுதி முடிந்தது. எழுதியவர் வேலை மாறிப் போயிருக்கலாம். அது இனி வளையாது. வளைய வேண்டியது புதிய பதிப்பு. இந்த ஒருபக்கச் சுமையை இணக்கம் என்ற சொல் சொல்லிவிடுகிறது.

கட்டளையைத் தட்டச்சு செய்து இயக்கும் கட்டளை வரிக் கருவிகளில் இந்தச் சுமை கூடுதல். அவற்றின் வெளியீட்டை இரண்டு விதமான வாசகர்கள் படிக்கிறார்கள்: திரையின் முன் இருக்கும் மனிதர், ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொன்றுக்குக் கடத்தும் பைப்பின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு நிரல். மனிதருக்கு வெளியீடு தெளிவாக, அழகாக இருக்க வேண்டும். நிரலுக்கு அது நேற்றுப்போலவே இருக்க வேண்டும். அழகு அதற்குத் தேவையே இல்லை. கணினியின் நெட்வொர்க் விவரங்களைக் காட்டும் இஃப்கான்ஃபிக் கட்டளை வெகுகாலம் ஐபி முகவரிக்கு முன்னால் ‘ஐநெட் அட்ரஸ்’ என்பதைச் சுருக்கி, முக்காற்புள்ளியோடு அச்சிட்டுவந்தது. பிந்தைய பதிப்பில் ‘ஐநெட்’ மட்டும் மிஞ்சியது. கண்ணுக்கு இதுதான் சுத்தம். ஆனால் அந்த முக்காற்புள்ளியைத் தேடி முகவரியை வெட்டியெடுத்த ஸ்கிரிப்ட்கள் வெறுங்கையோடு திரும்பின. அந்த மாதிரி ஸ்கிரிப்ட்களை நானும் எழுதியிருக்கிறேன். முக்காற்புள்ளி மாறாது என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. கண்ணில் பட்டதை வாக்காக எடுத்துக்கொண்டோம், அவ்வளவுதான். பயனர்கள் போதிய அளவு பெருகிவிட்டால், வெளியே தெரியும் ஒவ்வொரு நடத்தையையும் யாராவது ஒருவர் நம்பியிருப்பார் என்பதை ஹைரம் விதி என்பார்கள்.

அதற்காக எதையும் மாற்றாமலே இருந்துவிட முடியுமா? அதற்கும் விலை உண்டு. ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன் 1976இல் பெல் ஆய்வகத்தில், மூலநிரலிலிருந்து மென்பொருளை உருவாக்க உதவும் மேக் கருவியை எழுதியபோது, அதற்கான கோப்பில் கட்டளை வரிகள் டேப் எழுத்தில்தான் தொடங்க வேண்டும் என்று வைத்தார். அது சரியான முடிவில்லை என்று அவருக்குச் சீக்கிரமே தெரிந்தது. அதற்குள் ஏறத்தாழ பன்னிரண்டு பேர் மேக்கைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். அவர்களைச் சிரமப்படுத்த வேண்டாமென்று விட்டுவிட்டார். டேப்புக்குப் பதில் இடைவெளியை அடித்துவிட்டு, என்ன பிழை என்று தெரியாமல் இன்றும் மக்கள் திணறுகிறார்கள்.

நடுவழி கண்டவர்கள் எல்லோரும், படிப்பது யார் என்ற கேள்வியிலிருந்துதான் தொடங்கியிருக்கிறார்கள். ஒரு நிரலால் தன் வெளியீடு மனிதர் பார்க்கும் முனையத் திரைக்குப் போகிறதா, பைப்புக்குப் போகிறதா என்று கண்டுபிடிக்க முடியும். கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளை முனையத்தில் பெயர்களைப் பத்திகளாக அடுக்குவதும் பைப்பில் வரிக்கு ஒன்றாகத் தருவதும் அதனால்தான். எல்எஸ் அடங்கிய கருவித் தொகுப்பான குனு கோர்யுட்டில்ஸின் 8.25ஆம் பதிப்பில், 2016 ஜனவரியில், இடைவெளி உள்ள கோப்புப்பெயர்களை எல்எஸ் மேற்கோள்குறிக்குள் காட்டத் தொடங்கியது. அதுவும் முனையத்தில் மட்டும், பைப்பில் பழையபடியே. ஸ்கிரிப்ட்கள் தப்பின, மனிதர்கள் கோபப்பட்டார்கள்! பழக்கப்பட்ட கண்ணும் ஒரு பழைய பதிப்புதான் என்பதை இதில் புரிந்துகொண்டேன். அந்த மேற்கோள்குறிகளை நான் வரவேற்கிறேன்: ஒரு பெயர் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்ற குழப்பம் போயிற்று. வேண்டாதவர்களுக்கு அதை அணைக்கும் ஆப்ஷனும் உண்டு.

இன்னொரு வழி, இரண்டு வாசல் வைப்பது. லினக்ஸின் டெபியன் குடும்பத்தில், மென்பொருளை நிறுவும் ஆப்ட் என்ற கட்டளை 2014இல் மனிதர்களுக்காக வந்தது. அதை ஸ்கிரிப்ட்டில் போட்டால், தன் கட்டளை வரி இடைமுகம் நிலையானதல்ல, கவனம் தேவை என்று அதுவே எச்சரிக்கும். நிலைத்தன்மை வேண்டுவோருக்கு, அதே வேலையைச் செய்யும் பழைய ஆப்ட்-கெட் அப்படியே இருக்கிறது. நிரலில் செய்த மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் கருவியின் ஸ்டேட்டஸ் கட்டளையில் ‘போர்சலின்’, அதாவது பீங்கான், என்று ஓர் ஆப்ஷன் உண்டு. அதைக் கொடுத்தால் வெளியீடு பதிப்புக்குப் பதிப்பு மாறாது. 2016இல் கூடுதல் விவரம் தேவைப்பட்டபோதும் பழைய வடிவத்தில் கைவைக்காமல் இரண்டாம் வடிவத்தைத் தனியே சேர்த்தார்கள். நெட்வொர்க் விவரங்களைத் தரும் ஐபி கட்டளை, நிரல்கள் எளிதில் படிக்கும் ஜேசான் வடிவத்திலும் பதில் தருகிறது. நிரலுக்கென்று ஒரு வாசல் உறுதியாக இருந்தால், மனிதருக்கான வாசலை விரும்பியபடி அழகுபடுத்தலாம்.

எச்சரிக்கை வரிகூட வெளியீடுதான், அதையும் மறக்கக் கூடாது. உரையில் சொற்களைத் தேடும் கிரெப் கருவியின் 2022இல் வந்த 3.8ஆம் பதிப்பு, அதன் வேறு வடிவங்களான ஈகிரெப்பும் எஃப்கிரெப்பும் வழக்கொழிந்தவை என்று, பிழைச் செய்திகளுக்கான தனி வெளியீடான பிழை ஓடையில் ஒரு வரி எழுதத் தொடங்கியது. தேடல் முடிவுகளில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனாலும் பிழை ஓடையில் எது வந்தாலும் தோல்வி என்று கொள்ளும் சோதனைகள் தடுமாறின.

அப்புறம், எந்தச் சொல்லைத்தான் எழுதுவது? ‘முன்பதிப்பு இணக்கம்’ என்று யோசித்தேன். வேகமாகப் படிப்பவர் முன்பதிவு என்று படித்துவிடுவார். பழமொழி, பழந்தமிழ் வழியில் ‘பழம்பதிப்பு இணக்கம்’ என்றால் திசைக் குழப்பமே இல்லை. ஃபார்வர்ட் கம்பாட்டிபிலிட்டிக்கு ‘வரும்பதிப்பு இணக்கம்’. வினையாக எழுதும்போது ‘காக்கிறது’, ‘முறிகிறது’ இரண்டும் இயல்பாக ஒட்டுகின்றன. வெளியீட்டுக் குறிப்பில் இப்படி எழுதலாம்: ‘இந்தப் பதிப்பில் தேதியின் வடிவம் முனையத்தில் மட்டும் மாறுகிறது, பைப்பில் பழம்பதிப்பு இணக்கம் காக்கப்படுகிறது.’