மானியக் கோரிக்கை: சொல்லும் பொருளும்

தமிழ்நாட்டின் வரவு செலவுத் திட்டம் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டதும், மானியக் கோரிக்கைகள், அதாவது ஒவ்வொரு துறையின் செலவுக்கும் அவையின் இசைவைக் கேட்கும் கோரிக்கைகள், துறைவாரியாக விவாதத்திற்கு வருகின்றன. அவற்றுள் 19ஆம் எண் மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறைக்கு உரியது. மானியம் என்றால் உர மானியம், உழவுக் கருவி மானியம் போன்ற விலைச் சலுகையே நம் நினைவுக்கு வருவதால், அரசு மருத்துவமனைகள் ஏதோ சலுகை கேட்டு நிற்பதாக ஒரு மயக்கம் இத்தொடரால் உண்டாகிறது. மருத்துவருக்கும் செவிலியருக்கும் ஊதியமாகவும் நோயாளிக்கு மருந்தாகவும் போய்ச் சேரும் பணத்தைச் சலுகை என்று எண்ணவைக்கும் எந்தச் சொல்லையும் நாம் ஆராய்ந்தே ஏற்க வேண்டும்.

மானியம் 'மான்ய' என்ற வடசொல்லின் வழி வந்தது. மதிப்புக்குரியது என்பது அதன் அடிப்படைப் பொருள். கோயிலுக்கும் ஊர்ப்பணி செய்வோருக்கும் வரி நீக்கி அளித்த நிலத்தைப் பிற்காலத்தில் இச்சொல் குறித்தது. சோழர் கல்வெட்டுகளில் அத்தகைய நிலத்திற்கு 'இறையிலி' என்று பெயர். திருமுக்கூடலில் உள்ள வீரராசேந்திர சோழனின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை (மருத்துவமனை) ஒன்றையும், அதன் மருத்துவருக்கு ஆண்டுதோறும் அளக்க வேண்டிய 90 கலம் நெல்லையும் 8 காசையும் குறிப்பிடுகிறது. மருத்துவத்திற்கான செலவைத் தலைப்பு வாரியாக எழுதிவைக்கும் வழக்கம் இம்மண்ணுக்குப் புதிதன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அன்று கொடுத்தவன் மன்னன். இன்று அந்த இடத்தில் இருப்பது சட்டமன்றம்.

இங்கு மானியம் என்று பெயர்க்கப்பட்ட 'கிராண்ட்' என்ற ஆங்கிலச் சொல்லோ, நம்புதல் என்னும் பொருள்கொண்ட இலத்தீன் வினையிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. அரசர் பணம் கேட்க, மக்கள் அவை அதை அளிக்க இசைந்த பிரித்தானிய நாடாளுமன்ற மரபிலிருந்து நம் அரசமைப்புச் சட்டம் அதனை எடுத்துக்கொண்டது. இதற்குத் தூய தமிழில் 'நல்கை' என்ற சொல் உண்டு. பல்கலைக்கழக நல்கைக் குழு என்பதில் அது வழக்கிலும் இருக்கிறது. எனவே 'நல்கைக் கோரிக்கை' என்பது சொல்லுக்குச் சொல் சரியே. ஆயினும் நல்குதலில் அருளிக் கொடுக்கும் சாயல் படிந்திருப்பதால், 'செலவு இசைவுக் கோரிக்கை' என்பதே பொருளுக்கு நெருங்கியது என்பது என் கருத்து.

அரசமைப்புச் சட்டத்தின் 203ஆம் உறுப்பு இக்கருத்துக்கு அரண் செய்கிறது. பேரவை ஒரு கோரிக்கைக்கு இசைவளிக்கலாம், மறுக்கலாம், தொகையைக் குறைத்து இசைவளிக்கலாம். ஆனால் கூட்ட முடியாது. தம் தொகுதியின் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு இன்னும் இரண்டு செவிலியர் வேண்டும் என்று கருதும் உறுப்பினர், அதை அவையில் வற்புறுத்தலாம், கேட்ட தொகையைக் குறைக்கக் கோரும் வெட்டுத் தீர்மானம் கொடுத்துக் குறையைச் சுட்டலாம். ஒரு ரூபாயையும் தாமாகச் சேர்க்க இயலாது. இதற்கு மாறாக, மாநிலக் கடனுக்கான வட்டி வாக்கெடுப்புக்கே வருவதில்லை. வட்டி தானாகக் கழிந்துபோக, மக்கள் நல்வாழ்வு மட்டும் ஆண்டுதோறும் இசைவு கேட்டு நிற்க வேண்டியிருப்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

சட்டத்திற்கும் கோரிக்கைக்கும் உள்ள தொடர்பும் இங்கேதான் விளங்கும். பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும், மாநிலங்கள் சட்டம் இயற்றுவதற்குரிய பொருள்களைக் கூறும் மாநிலப் பட்டியலின் 6ஆம் பதிவில் உள்ளவை. 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம், தொற்றுநோய்த் தடுப்பு, குடிநீர், கழிவகற்றல் ஆகியவற்றில் சுகாதார அலுவலருக்கு அதிகாரம் தந்து, இன்றும் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. சட்டம் ஒருமுறை இயற்றப்பட்டால் நிலைத்துவிடுகிறது. அதைச் செயல்படுத்தும் அலுவலரின் ஊதியத்திற்கோ ஆண்டுதோறும் புதிய இசைவு தேவை. மார்ச் 31 முடிந்தால் செலவாகாத தொகைக்கான இசைவும் காலாவதியாகிவிடும். அதற்கு முன்பே மீதத்தைத் திருப்பி ஒப்படைப்பதை அலுவலகங்களில் 'சரண்டர்' என்பார்கள்.

கணக்குத் தலைப்பையும், அதாவது அரசுக் கணக்கில் ஒவ்வொரு செலவு வகைக்கும் உரிய எண்ணையும், கவனிக்க வேண்டும். மருத்துவம் மற்றும் பொதுச் சுகாதாரத்தின் வருவாய்ச் செலவுக்கு 2210, மூலதனச் செலவுக்கு 4210. கட்டடம் 4210இல் எழும்பும். அதனுள் பணியாற்றுவோருக்கான ஊதியம் 2210இல் வர வேண்டும். முன்னதற்கு இசைவு கிடைத்துப் பின்னதற்குப் போதிய தொகை கேட்கப்படாவிட்டால், திறப்பு விழா முடிந்த கட்டடத்தில் ஆள் இருக்காது.

மாநிலங்கள் தம் வரவு செலவில் 8 விழுக்காட்டுக்கு மேல் நலவாழ்வுக்குச் செலவிட வேண்டும் என 2017ஆம் ஆண்டின் தேசிய நலவாழ்வுக் கொள்கை கூறியது. அது கொள்கையே, பேரவையைக் கட்டுப்படுத்தும் சட்டமன்று. ஆகவே நலவாழ்வுக்கான ஒதுக்கீடு பற்றிய ஓர் அறிவிப்பைப் படிப்பவர், நடப்பாண்டின் மதிப்பீட்டோடு நில்லாமல், வரவு செலவு ஆவணத்தில் அதன் பக்கத்தில் அச்சாகியிருக்கும் சென்ற ஆண்டின் திருத்திய மதிப்பீட்டையும் அதற்கு முந்தைய ஆண்டில் உண்மையில் செலவான கணக்கையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.