பெட்டிக்குள் கிடந்த 35 மீட்டர் சங்கிலி

மலேசியாவின் லங்காவித் தீவின் கிழக்குக் கரையோரம் நங்கூரம் பாய்ச்சி நின்ற 34 அடிப் பாய்மரப் படகு ஒன்று, விடியலுக்கு முன் திடீரென்று அடித்த சுமத்ராக் காற்று என்னும் சூறைக்காற்றில் இழுபட்டுச் சேற்றுத் திட்டில் ஏறிவிட்டது. மறுநாள் பரிசோதனைக்குப் போனபோது, உரிமையாளர் முதலில் காட்டியது முந்தைய ஆண்டு வாங்கிய 16 கிலோ நங்கூரத்தைத்தான். இவ்வளவு நல்ல நங்கூரம் எப்படிப் பெயர்ந்தது என்பதே அவருடைய கேள்வி. நான் சங்கிலிப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். 50 மீட்டர் சங்கிலியில் 35 மீட்டர் உப்புநீர் படாமல் உள்ளேயே சுருண்டு கிடந்தது.

ஆழமானி 3 மீட்டர் காட்டியது, ஆழத்தைப் போல் ஐந்து மடங்காக 15 மீட்டர் சங்கிலி விட்டேன் என்றார். ஆனால் அவருடைய ஆழமானி, படகின் அடியில் துருத்தி நிற்கும் கீலுக்கு அடியில் உள்ள நீரை மட்டுமே காட்டும்படி அமைக்கப்பட்டிருந்தது. கீல் நீருக்குள் இறங்கியிருப்பதோ 1.7 மீட்டர். இரவு பத்து மணிக்கு நல்ல வற்றத்தில் வந்து நின்றவருக்கு, அதிகாலை நான்கு மணிக்குள் 2.3 மீட்டர் நீர் ஏறியிருந்தது. படகின் முகப்பில் சங்கிலி இறங்கும் உருளை நீர்மட்டத்திலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் இருந்தது. எல்லாவற்றையும் கூட்டினால் 8.2 மீட்டர், அதற்கு ஐந்து மடங்கு 41 மீட்டர். அவர் விட்டிருந்த 15 மீட்டர் இரண்டு மடங்குக்கும் குறைவு.

நங்கூரம் தன் எடையால் மட்டும் படகைப் பிடித்து நிறுத்துவதில்லை. தரையை ஒட்டிக் கிடைமட்டமாக இழுபடும்போது அது மேலும் மேலும் புதைகிறது. சங்கிலி குறைவாக இருந்து மேல்நோக்கி இழுபட்டால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும், பெயர்ந்துவிடுகிறது. காற்றின் வேகம் மணிக்கு 15 கடல்மைலிலிருந்து 30 கடல்மைலாக உயர்ந்தால் படகின் மீதான அழுத்தம் நான்கு மடங்காகும் என்பதால், மாலையில் அசையாமல் நின்றது என்பது விடியற்காலைக்கு எந்த உத்தரவாதமும் ஆகாது. மலாக்கா நீரிணையில் ஏறத்தாழ ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ராக் காற்று வருவது பெரும்பாலும் எல்லோரும் உறங்கும் அந்த நேரத்தில்தான்.

சங்கிலி தன் கனத்தால் தொங்கி அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும் என்று பலர் நம்புகிறார்கள். மென்காற்றில் அது உண்மை. பலத்த காற்றில் 8 மில்லிமீட்டர் சங்கிலி கம்பிபோல் விறைத்துவிடும். அதன்பின் ஒவ்வோர் அலையின் உதறலும் நேராக நங்கூரத்திலும் விண்ட்லாஸிலும் விழும். விண்ட்லாஸ் சங்கிலியைத் தூக்குவதற்கான கருவியே தவிர, இரவெல்லாம் படகைத் தாங்குவதற்கானது அன்று. ஆகவே 12 மில்லிமீட்டர் முப்புரி நைலான் கயிறு எட்டுப் பத்து மீட்டர் எடுத்து, ஒரு முனையைச் சங்கிலியிலும் மறுமுனையை முகப்புக் கட்டையிலும் கட்டி, சுமை முழுவதும் அந்தக் கயிற்றுக்கே போகும்படி விட வேண்டும். நைலான் நீளும் தன்மையுடையது. பாலியெஸ்டர் கயிறு இந்த வேலைக்கு உதவாது.

நங்கூரத்தின் வகையும் முக்கியம்தான். 1933-இல் வந்த சிக்யூஆர் என்னும் ஏர்க்கலப்பை வடிவ நங்கூரத்தைக் காட்டிலும், கூர்முனையும் குழிந்த தகடும் கொண்ட இன்றைய நங்கூரங்கள் விரைவாகப் புதைகின்றன. தட்டையான டான்ஃபோர்த் வகை நங்கூரம் சேற்றிலும் மணலிலும் அருமையாகப் பிடிக்கும். நீரோட்டம் திரும்பும் இடங்களில் பெயர்ந்தால் மறுபடி பிடிக்குமா என்பது சந்தேகம் என்பதால், அதை இரண்டாவது நங்கூரமாக மட்டுமே வைத்திருக்கச் சொல்வேன். பவளத்தின் மீது எதையும் பாய்ச்சாதீர்கள்.

லங்காவியைப் போன்ற இளஞ்சேற்றில், பாய்ச்சியவுடன் எஞ்சினை முழு வேகத்தில் பின்னோக்கிப் போட்டால் நங்கூரம் உழுதுகொண்டு வந்துவிடும். கால் மணி நேரம் அமிழவிட்டுப் பிறகு சிறிது சிறிதாக வேகத்தைக் கூட்டுங்கள். அப்போது முகப்பில் குனிந்து, உருளைக்கு வெளியே இருக்கும் சங்கிலியின் மீது உள்ளங்கையை வைத்துப் பாருங்கள்; விரல்கள் உருளைக்கும் விண்ட்லாஸுக்கும் அருகே போகக்கூடாது. பிடித்த நங்கூரத்தின் சங்கிலி இறுகி அமைதியாக இருக்கும். இழுபடும் நங்கூரமோ, கரடுமுரடான சாலையில் மாட்டுவண்டி போவதுபோல் கடகடவென்று கைக்குள் அதிரும்.

அந்தப் படகில் இன்னொன்றையும் கண்டேன். சங்கிலியின் கடைசி வளையம் பெட்டியின் சுவரில் துருவேறிய ஷேக்கில் என்னும் உலோக இணைப்பு வளையத்தால் பூட்டப்பட்டிருந்தது. அவசரத்தில் நங்கூரத்தைக் கைவிட்டு ஓட வேண்டியிருந்தால் அதைக் கழற்றியிருக்கவே முடியாது. அன்றே அதை அறுத்தெடுத்துவிட்டு, சங்கிலி முழுவதும் வெளியே போனபின் மேல்தளத்தில் வைத்துக் கத்தியால் வெட்டக்கூடிய நீளத்துக்கு ஒரு கயிற்றைக் கட்டிக் கொடுத்தேன்.