தண்ணீரில் கரையாத புரதத்தை வடிகட்டுவது எப்படி?

மக்காச்சோள மணியில் சுமார் 70 சதவீதம் மாவுச்சத்து; புரதம் 10 சதவீதத்தைத் தொட்டாலே அதிகம். அதனால் ஆலையின் கண் எப்போதும் மாவுச்சத்தின் மேல்தான். மணிகளைக் கந்தக டை ஆக்சைடு கலந்த வெந்நீரில் ஒன்றிரண்டு நாள் ஊறவைத்து, அரைத்து, முளையையும் நாரையும் நீக்கிவிட்டு, மிஞ்சும் பாலை மையவிலக்கு இயந்திரத்தில் சுழற்றுவார்கள். கனமான மாவுச்சத்து ஒரு பக்கம் ஒதுங்கும். இலேசான மஞ்சள் குழம்பு மறுபக்கம் வரும். அந்தக் குழம்பில்தான் புரதம் இருக்கிறது. குளூட்டன் என்று பெயர், கோதுமை குளூட்டன் வேறு, இது வேறு. காயவைத்தால் பெரும்பாலும் தீவனமாகப் போய்விடும்.

இதில் முக்கியமான புரதம் ஸீன். வினோதமான ஆசாமி: தண்ணீரிலும் கரையாது, சுத்தமான எத்தனாலிலும் கரையாது. இரண்டையும் கலந்து எத்தனாலை 70 சதவீதம் அளவில் வைத்தால் கரைந்துவிடும். சரி, கரைத்தாயிற்று. கூடவே மஞ்சள் நிறமிகளும் கரைந்து வந்துவிட்டனவே, என்ன செய்வது? எத்தனாலைக் கொதிக்கவைத்து விரட்டினால் எரிபொருள் செலவு. நிறமியும் புரதத்தோடே தங்கிவிடும்.

இங்கேதான் சவ்வு வருகிறது. ஸீன் மூலக்கூறின் எடை 20,000 டால்டன் (மூலக்கூறு எடையை அளக்கும் அலகு) அளவில். அந்த மஞ்சள் நிறமிகளில் ஒன்றான லூட்டீனுக்கு 569, எத்தனாலுக்கு 46தான். இடைப்பட்ட அளவில் துளையுள்ள சவ்வு ஸீனை நிறுத்திக்கொண்டு மற்றதை வெளியே விடும். துணியில் வடிகட்டுவதுபோல் நேராக அழுத்தினால் துளைகள் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அதனால் திரவத்தைச் சவ்வின் மேற்பரப்பை உரசியபடி வேகமாக ஓடவிடுகிறார்கள். படியும் புரதத்தை அந்த ஓட்டமே வழித்துக்கொண்டு போகும். முழுதாக அல்ல. கொஞ்சம் ஒட்டத்தான் செய்யும், அதை அவ்வப்போது காரக் கரைசலால் கழுவ வேண்டும்.

ஒருமுறை வடித்தால் நிறமி போய்விடாது. வெளியேறும் அளவுக்குப் புதிய எத்தனால் கலவையை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தொட்டியின் கொள்ளளவுக்குச் சமமாக ஊற்றினால் நிறமியில் 37 சதவீதம் மிஞ்சும். மும்மடங்கு ஊற்றினால் 5 சதவீதம். இது கணக்கு. நடைமுறையில் நிறமி ஸீனோடு ஒட்டிக்கொண்டு அடம்பிடிக்கும், கூடுதலாகவே அலச வேண்டியிருக்கும்.

இன்னொரு தொல்லை, சிலவகைச் சவ்வுகள் எத்தனாலில் உப்பித் துளையின் அளவே மாறிவிடும். அதைத் தாங்கும் செல்லுலோஸ் வகையையோ பீங்கானையோ தேர்ந்தெடுக்க வேண்டும். வெளியேறிய மஞ்சள் எத்தனாலையும் வீணாக்குவதில்லை. இன்னும் நுண்ணிய சவ்வில் அதைச் செலுத்தினால் நிறமி தங்கிவிடும், தெளிந்த எத்தனால் அடுத்த தொகுதி குளூட்டனைக் கரைக்கத் திரும்பிப் போகும்.