விசா, நுழைவிசைவு, பணி அனுமதி: மாநாட்டுக்குப் போகிறவர்களுக்கான சொல் விளக்கம்

‘விசா அடிச்சாச்சா?’ என்றுதான் சென்னையில் கேட்போம். பாஸ்போர்ட் பக்கத்தில் முத்திரை குத்திய காலத்துப் பேச்சு அது. இன்று ஒட்டுத்தாளாக வந்தாலும் மின்னஞ்சலில் வந்தாலும் ‘அடிப்பது’ போகவில்லை. லத்தீனில் ‘கார்ட்டா வீசா’ என்றால் ‘பார்க்கப்பட்ட தாள்’. ‘பார்’ என்று பொருள்படும் ‘விடேரே’ என்ற வினையில் பிறந்தது. வீடியோவுக்கும் அதுவே வேர். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், 19ஆம் நூற்றாண்டில் அங்கே நிலைத்து, நம்மிடம் ‘விசா’ ஆயிற்று. இலங்கைத் தமிழர் ‘வீசா’ என்று நெடிலோடு எழுதுகிறார்கள்.

‘பார்த்தாயிற்று’ என்ற அந்த மூலப்பொருள் இன்றும் செல்லும். தூதரகம் உங்கள் தாள்களைப் பார்த்து, வாசல்வரை வரலாம் என்கிறது. உள்ளே விடுவதும் எத்தனை நாள் தங்கலாம் என்று முடிவுசெய்வதும் பல நாடுகளில் குடிநுழைவு அதிகாரியின் கையில். அலுவல் வருகைக்கான அமெரிக்க பி-1 விசாவில் பத்து ஆண்டு என்று இருக்கும். தங்கும் கெடுவைச் சொல்வது ஐ-94 என்னும் வருகைப் பதிவு. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவின் ஒட்டுத்தாளில் இந்தக் குழப்பம் வேறு வடிவில் வரும். ‘ஜூன் 1 முதல் 27 வரை’ என்று மேலே இருக்கும், பக்கத்தில் ‘12 நாள்’ என்றும் இருக்கும். பயணம் தள்ளிப்போனால் உதவட்டும் என்று செல்லுபடிக் காலத்தில் 15 நாள் கூட்டிக் கொடுக்கிறார்கள். தங்குவதற்கு 12 நாள்தான், இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் அதில் அடக்கம். 27ஆம் தேதி வரை இருக்கலாம் என்று ஊர் சுற்றியவர் கெடு மீறியவர் ஆகிவிடுவார். அடுத்த விண்ணப்பத்தில் அது முன்னால் வந்து நிற்கும்.

தமிழில் ‘நுழைவிசைவு’ என்பதே எங்கள் தேர்வு. நுழைவு + இசைவு. இசைதல் என்றால் உடன்படுதல். தூதரகம் செய்வது அவ்வளவுதான் என்பதால் சொல் கச்சிதமாகப் பொருந்துகிறது. ‘நுழைவுச் சீட்டு’ என்றால் தமிழ்நாட்டில் காட்சிக்கோ தேர்வுக்கோ ஆன சீட்டு என்று நினைப்பார்கள். ‘அனுமதி’யை விசாவுக்குச் செலவழிக்க வேண்டாம், பணிக்கு அது தேவைப்படுகிறது.

‘பர்மிட்’டின் லத்தீன் மூலத்துக்கு ‘ஊடே போகவிடுதல்’ என்று பொருள். சிங்கப்பூரில் ‘வேலை அனுமதிச் சீட்டு’ என்பார்கள். ‘பணி அனுமதி’ என்றால் எல்லா ஊரிலும் புரியும். இந்தியாவில் பணி அனுமதி என்று தனித் தாள் கிடையாது. வேலைவாய்ப்பு விசாவே அந்த இடத்தை நிரப்புகிறது.

மாநாட்டில் கட்டுரை வாசிப்பதும் அமர்வில் உட்காருவதும் பெரும்பாலான நாடுகளில் ‘வேலை’க் கணக்கில் வராது. பணம் கைமாறும்போதுதான் கேள்வி எழும். அமெரிக்காவில் பி-1 வைத்திருப்பவர் பல்கலைக்கழகத்திடம் மதிப்பூதியம் வாங்கலாம். ஆனால் ஒரு நிறுவனத்தில் ஒன்பது நாளுக்கு மேல் கூடாது, ஆறு மாதத்தில் ஐந்து நிறுவனங்களுக்கு மேலும் கூடாது. கனடாவில் ஐந்து நாளுக்கு உட்பட்ட கருத்தரங்கை நடத்த வரும் பேச்சாளருக்குப் பணி அனுமதி வேண்டாம். பிரிட்டனில் 2024 ஜனவரி 31 முதல், அழைப்பின்பேரில் பணம் பெற்றுப் பேச வரும் வல்லுநர்கள் வழக்கமான வருகையாளர் விசாவிலேயே வரலாம். பயணத்துக்கு முன்பே ஏற்பாடாகியிருக்க வேண்டும், வந்த 30 நாளுக்குள் பேசி முடித்துவிட வேண்டும். மாநாடு முடிந்து இரண்டு வாரம் பயிலரங்கு நடத்தச் சொல்லிக் கேட்டால், விமானச்சீட்டு எடுக்கும் முன்பே இந்தக் கணக்கைப் பார்த்துவிடுங்கள்.

நந்தம்பாக்கம் வர்த்தக மையத்துக்கோ ஐஐடிக்கோ வெளிநாட்டவரை அழைப்பவர்கள் பார்க்க வேண்டியது, மாநாட்டுக்கு வருவோர் இணையத்தில் விண்ணப்பிக்கும் மின்-மாநாட்டு விசா. 30 நாள், ஒரே ஒரு நுழைவு. அமைப்பாளரின் அழைப்புக் கடிதத்தோடு வெளியுறவு அமைச்சகத்தின் அரசியல் ஒப்புதலும் உள்துறை அமைச்சகத்தின் நிகழ்ச்சி ஒப்புதலும் கேட்கலாம். இவ்விரண்டையும் வாங்க வேண்டியவர் அமைப்பாளர், விருந்தினரால் முடியாது. தேதி நெருங்கி விண்ணப்பித்தால் பேச்சாளர் விசாவுக்குக் காத்துக்கொண்டிருக்க, தொடக்க விழாவே முடிந்துவிடும். மின்னஞ்சலில் வருவது பயண ஒப்புதல் மட்டுமே. அதை அச்செடுத்துக் கொண்டுவந்தால், விரல்ரேகை எடுத்து விசா முத்திரை இடுவது மீனம்பாக்கத்தில் நடக்கும். இடையில் யாழ்ப்பாணம் போய்த் திரும்பலாம் என்று திட்டமிடும் விருந்தினருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: ஒற்றை நுழைவு என்பதால் அதே விசாவில் மறுபடி சென்னைக்குள் வர முடியாது.

நம்மூர்க்காரர்கள் வெளியே போகும்போது சிக்கல் தருவது பெயர். மாநாட்டுப் பதிவில் ‘கே. முருகன்’, பாஸ்போர்ட்டில் ‘முருகன் கந்தசாமி’. அழைப்புக் கடிதம் பதிவிலிருந்து தானாக உருவாவதால், அதிகாரி மேசையில் இரண்டு ஆட்கள் நிற்பார்கள். பாஸ்போர்ட்டில் முழுப் பெயரும் ஒரே கட்டத்தில் இருந்து, இயற்பெயர்க் கட்டம் வெறுமையாக இருந்தால் அமெரிக்க விசாவில் அந்த இடத்தில் ‘எஃப்என்யு’ என்று விழும். ‘இயற்பெயர் தெரியவில்லை’ என்பதன் சுருக்கம் அது, பிழை இல்லை. அதற்காகப் பதறி விண்ணப்பத்தில் தந்தை பெயரை நுழைத்தால் அப்போதுதான் பிழை ஆகும். பதிவுப் படிவத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து நிரப்புங்கள். கழுத்தில் தொங்கும் அட்டையில் வேண்டுமானால் முதலெழுத்தோடு போட்டுத் தரச் சொல்லலாம். கடிதம் கைக்கு வந்ததும் பாஸ்போர்ட் எண், மாநாட்டு நாள், இடம், பயணச் செலவு யாருடையது, மதிப்பூதியம் உண்டா இல்லையா என்ற ஐந்தும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ‘பயிற்றுநராக நியமிக்கிறோம்’ என்ற தொனியில் ஒரு வரி இருந்தால், ‘உரையாற்ற அழைக்கிறோம்’ என்பதே உண்மை நிலை எனில், திருத்திய கடிதம் கேட்டு வாங்கிய பிறகே நேர்காணலுக்கு நாள் குறியுங்கள்.