ஒரே வானம், இரண்டு பஞ்சாங்கம்

2020 டிசம்பர் 21ஆம் திகதி, பொழுது சாய்ந்ததும் மேற்கு வானில் வியாழனும் சனியும் ஒட்டிக்கொண்டு நின்றன. இடைவெளி பத்தில் ஒரு பாகை; நிலாவின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு. 1623க்குப் பிறகு அவை இவ்வளவு நெருங்கியதே இல்லை. இலங்கை மலையகத்தில் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் நின்று பார்த்தவர்களுக்கு மூடுபனியோ எதிர்மலையோ மறைத்திருக்கும், அது வேறு கதை.

வேடிக்கை என்னவென்றால், வாக்கிய பஞ்சாங்கத்தின்படி அன்று சனி இன்னும் தனுசு ராசியில்தான் இருந்தார். வியாழன் நவம்பரிலேயே மகரத்துக்குப் போயாயிற்று. சனி அங்கே வந்தது ஐந்தாறு நாள் கழித்துத்தான். ஆக, வானத்தில் தோள் உரசி நின்ற இருவரும் ஏட்டில் வேறு வேறு வீட்டில்! திருக்கணிதத்தில் மட்டும் ஒரே வீடு. வாக்கியம் பழைய சூத்திரங்களை அப்படியே வைத்துக் கணக்கிடுவது. திருக்கணிதம் வானத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்வது. கடைசியாக வந்த சனிப்பெயர்ச்சியும் திருக்கணிதத்தில் 2025 மார்ச், வாக்கியத்தில் 2026 மார்ச். பரிகாரம் எந்த வருடம் செய்வது என்று கோயில் வாசலில் நடக்கும் வாக்குவாதத்துக்கு இதுதான் காரணம்.

சரி, இந்தச் சந்திப்பு எப்படி நடக்கிறது? ஹட்டனிலிருந்து தலவாக்கலைக்கு இரவு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள். கிட்டத்து லயத்தின் பல்பும் தூரத்து மலையில் எரியும் பெக்டரி லைட்டும் தனித்தனியாகத் தெரியும். ஒரு வளைவில் இரண்டும் நெருங்கி, ஒரு கணம் ஒன்றாகி, அடுத்த வளைவில் பிரியும். நகர்ந்தது நம் பஸ். வானத்தில் அந்த பஸ்தான் பூமி. என்ன, அங்கே லயமும் பெக்டரியும்கூட ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒட்டிக்கொண்டதாகத் தெரிந்த அன்றும் இரண்டுக்கும் நடுவே சுமார் 73 கோடி கிலோமீட்டர் இருந்தது. கோள்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே தட்டில் சூரியனைச் சுற்றுவதால்தான் நம் கண்ணுக்கு ஒரே பாதையில் ஒன்றையொன்று முந்துகின்றன.

இவற்றுக்கு முன்னோர் கொடுத்த குணங்களை அவற்றின் நடையோடு சேர்த்துப் பார்த்தால் பல விஷயம் விளங்கும். சனி ஒரு சுற்று வர ஏறத்தாழ முப்பது வருடம். வெறும் கண்ணுக்குத் தெரியும் கோள்களில் இதுதான் சோம்பேறி. மந்தன், சனைச்சரன் என்ற பெயர்களே மெல்ல நடப்பவன் என்றுதான் சொல்கின்றன. தாமதம், முதுமை, பொறுமையான உழைப்பு எல்லாம் அவர் கணக்கில் எழுதப்பட்டது இப்படித்தான் என்பது என் எண்ணம். பன்னிரண்டு ராசிக்கு முப்பது வருடம் என்றால் ராசிக்கு இரண்டரை; மூன்று ராசிக்கு ஏழரை. நாம் திட்டித் தீர்க்கும் ஏழரைச் சனி வெறும் வாய்ப்பாடு. “முப்பது வருஷம் வாழ்ந்தவனும் இல்லை, முப்பது வருஷம் தாழ்ந்தவனும் இல்லை” என்று கிழவிகள் சொல்வதும் அதே முப்பதுதான். வியாழன் பன்னிரண்டு வருடத்தில் சுற்றி வருகிறது, ராசிக்கு ஒரு வருடம். அதனால்தான் குருப்பெயர்ச்சி ஏறக்குறைய வருடத்துக்கொரு தடவை. ஞானம், செல்வம், பிள்ளைப்பேறு அவர் இலாகா, “குரு பார்க்க கோடி நன்மை.”

வேகமான குரு மெதுவான சனியைப் பிடிக்க இருபது வருடம் ஆகிறது. அதற்குள் சனி மூன்றில் இரண்டு சுற்று போயிருப்பார், குரு அதோடு ஒரு முழுச் சுற்று கூடுதலாக. 2000இல் மேஷம், 2020இல் மகரம், 2040இல் கன்னி என்று திருக்கணிதப்படி இடம் தாவுகிறது. மூன்று சந்திப்பு முடிந்தால் அறுபது வருடம். கிட்டத்தட்ட தொடங்கிய இடத்துக்கே வந்துவிடும். பிரபவ முதல் அட்சய வரை நம் வருடப் பெயர்களும் அறுபது.

பழைய வானநூலான சூரிய சித்தாந்தம் சந்திப்புகளைத் தரம் பிரித்தது. கோளோடு கோள் நெருங்கினால் யுத்தம். நிலாவோடு சேர்ந்தால் சமாகமம். சூரிய ஒளியில் கரைந்தால் அஸ்தமனம். வெள்ளி அப்படி மறையும் நாட்களில் கல்யாணம் வைக்கத் தயங்குவது இதன் தொடர்ச்சி.

2040 அக்டோபர் கடைசியில் குருவும் சனியும் மறுபடி சேர்வது விடியற்காலையில், கிழக்கே. இடைவெளி நிலாவின் அகலத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருக்கும். பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் பேர் பதிந்து வேலை பிரிக்கும் இடத்துக்கு, கிளம்புகிறவர்கள் மலை முகட்டுக்கு மேலே பார்க்கலாம், பனி விலகியிருந்தால்.